கேட் பாஸுக்கு முன் நான்கு மணி நேரம்

2025 மார்ச் 3, திங்கள்

பெருந்துறை சிப்காட்டில் உள்ள ஒரு துணி பதனிடும் ஆலையில், துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டெண்டர் மெஷினின் மின்பேனலைச் சரிசெய்யும் காண்ட்ராக்ட் வேலைக்காக இன்று காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் கேட் பாஸ் கையில் கிடைக்க வேண்டுமானால் பாதுகாப்புப் பயிற்சியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும் என்றார்கள். இந்த ஆண்டு தொடங்கி இரண்டு மாதத்துக்குள் நான் உட்காரும் ஐந்தாவது பயிற்சி இது. ஆலை மாறும்போதெல்லாம் பயிற்சியும் முதலிலிருந்து தொடங்குகிறது. போன மாதம் பல்லடத்தில் வாங்கிய சான்று இங்கே செல்லாது.

திரையில் ஓடியது முழுவதும் ஆங்கிலம். அதைப் பயிற்சியாளர் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். தீ எரிய எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் வேண்டும் என்ற முக்கோணப் படம் வந்தது. ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்ற படமும் வந்தது. இரண்டும் சரியான செய்திகள்தான். ஆனால் அந்த ஏணிப் படம் ஓடிய அதே அறையின் பின்சுவரில், பெயின்டர்கள் விட்டுப்போன ஒரு மூங்கில் ஏணி ஏறக்குறைய நேர்குத்தாகச் சாய்ந்து நின்றது. நாற்பது பேர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் உட்பட.

கடைசியில் இருபது கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றைக் கொடுத்து, விடைகளையும் அவரே வாசித்தார். மூன்று இடத்தில் கையெழுத்து. பின்வரிசையில் இருந்த ஒடிசாத் தம்பிகள் முன்னால் இருந்தவர்களின் தாளைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்று தேசியப் பாதுகாப்பு நாள். 1966இல் இதே தேதியில் வேலையிடப் பாதுகாப்புக்கான தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கப்பட்டதை ஒட்டி ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். கொடி ஏற்றி, உறுதிமொழி எடுத்து, சட்டையில் பேட்ஜ் குத்திவிட்டார்கள். பேனலைத் திறக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது.

தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போபால் விபத்துக்குப் பிறகு, 1987இல் கொண்டுவந்த திருத்தத்தில் சேர்க்கப்பட்டது அது. வேலையிடத்து ஆபத்துகளைப் பற்றிய விவரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவதும், பாதுகாப்புப் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று அது சொல்கிறது. அத்தனை உயிர்கள் போன பிறகு வந்த உரிமை, என் கைக்கு வந்து சேரும்போது கையெழுத்துத் தாளாக மட்டும் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2025 மார்ச் 5, புதன்

நான்கு மணி நேரத்தில் கிடைக்காதது இன்று பத்து நிமிடத்தில் கிடைத்தது.

பேனலின் மெயினை இறக்கிவிட்டு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் மூடியைக் கழற்றப் போனேன். அந்த ஆலையில் பல வருடமாக இருக்கும் மூத்த எலக்ட்ரீசியன் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "கொஞ்சம் பொறுங்க கண்ணு, மெயின் எறக்குனதும் உள்ள செத்துப்போச்சுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டு, மூடியின் ஓரத்தில் மங்கிப் போயிருந்த எச்சரிக்கை எழுத்தை விரலால் துடைத்துக் காட்டினார். டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள், 415 வோல்ட் சப்ளையில் 550 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மெயினை இறக்கினாலும் அது உடனே வடிந்துவிடாது. மூடியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு வரை காத்திருந்து, அதன் பிறகும் அளந்து பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் என் மல்டிமீட்டரை வாங்கி, முதலில் மின்சாரம் ஓடும் வேறொரு பாயின்ட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு டிரைவில் வைத்தார். மறுபடியும் அந்த ஓடும் பாயின்ட்டில் வைத்தார். நடுவில் மீட்டரின் ஒயர் விட்டுப்போயிருந்தால், உயிரோடு இருக்கும் கம்பியையும் அது பூஜ்யம் என்றே காட்டும். அதனால்தான் முன்னும் பின்னும் ஒரு முறை. கடைசியாக, வேறு யாரும் மெயினைப் போட்டுவிடாதபடி சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியை என் சட்டைப் பையில் வைத்தார்.

பூட்டைப் பார்த்ததும் சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோன் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முன், கரன்ட் போயிருந்த நேரத்தில் நானும் என் உதவியாளும் அங்கே போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தோம். நாங்கள் வேலை செய்வது தெரியாமல் ஒருவர் பின்பக்கம் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார். உதவியாளின் வலது உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தோல் வெந்து வெள்ளையாகிப் போனது. தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தான். அதற்கு முந்தைய வாரம்தான் நாங்கள் இருவரும் ஓர் ஆலையில் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தோம். பூட்டின் படத்தைத் திரையில் பார்த்திருந்தோம். பூட்டு எங்களிடம் இல்லை.

2025 மார்ச் 6, வியாழன்

கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதியில் ஒரு தொட்டியைத் திறந்தார்கள். வண்டலை அள்ள இறங்க வேண்டியவர்கள் அந்த ஒடிசாத் தம்பிகள். திங்கட்கிழமைப் பயிற்சியில் மூடிய தொட்டிகளைப் பற்றிய படம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சாயத் தொழில் நிறைந்த இந்த ஊர்களில் அதிக நேரம் ஒதுக்கியிருக்க வேண்டியது அதற்குத்தான். தேங்கிய வண்டலைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். வாடை நின்றுவிட்டதே என்று இறங்குகிறவரும், அவரைத் தூக்கப் போகிறவரும் சேர்ந்தே சாகிறார்கள்.

பாதுகாப்பு அதிகாரி வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். வெளியே 20.9 சதவீதம் காட்டிய ஆக்சிஜன் அடியில் 18க்கு வந்து, மீட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பதை அவர் இந்தியில் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். திங்கட்கிழமை முழுவதும் தலை கவிழ்ந்திருந்த தம்பிகள் நால்வரும் அந்தச் சிறிய திரையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மீட்டரைக் கேட்டு வாங்கி, தானே மறுபடி இறக்கிப் பார்த்தான். புளோயர் வைத்துக் காற்றை அடித்து, மதியத்துக்கு மேல்தான் வேலை தொடங்கியது.

2025 மார்ச் 8, சனி

வேலை முடிந்தது. கிளம்பும் முன் அதிகாரியைப் பார்த்து மனதில் இருந்ததைச் சொன்னேன். எலக்ட்ரீசியனைப் பேனல் முன்னாலும், தொட்டி வேலைக்காரரைத் தொட்டி ஓரத்திலும் நிறுத்தி, அவரவர் மொழியில் அரை மணி நேரம் சொன்னால் போதும் என்றேன். அவர் மறுக்கவில்லை. "தணிக்கைக்கு வர்றவங்க மணிக்கணக்கையும் கையெழுத்தையும்தானுங்க கேக்கறாங்க, நான் என்ன பண்றது?" என்றார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளத் தெரியாத எலக்ட்ரீசியனின் கையெழுத்தால் தணிக்கைக்காரருக்கும் என்ன பயன் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தவர், அடுத்த பயிற்சிக்காக வந்து அறையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுந்து பின்பக்கம் வரச் சொன்னார். அந்த மூங்கில் ஏணி இன்னும் அங்கேயேதான் இருந்தது. "நீங்களே காட்டுங்க" என்றார் என்னிடம். முன்னால் நின்ற பையனைக் கூப்பிட்டு, ஏணியின் அடியில் கால்விரல்கள் படும்படி நிற்கவைத்து, கைகளைத் தோளுக்கு நேராக நீட்டச் சொன்னேன். சரியான சாய்வில் இருந்தால் உள்ளங்கை தோள் உயரத்துப் படியில் போய் அமர வேண்டும். அவனுடைய முழங்கை மடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அடியை வெளியே இழுத்து, கை முழுதாக நீளும் வரை அவனே சரிசெய்தான். பிறகு அடுத்தவன் வந்து நின்றான்.