பின்னால் ஒட்டிய கட்டடம்

"சார், இந்தக் கான்கிரீட்டும் ஒரு நாள் பழசாகும்தானே?" ஜூனியர் கேட்டபோது நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "ஆகட்டும், அப்போ பார்த்துக்கலாம்" என்றேன். மூன்றே வாரத்தில் இடித்துவிட்டோம். அந்த 'அப்போ' வரவிடாமல் செய்தது நான்தான்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கட்டடம். அதன் முதுகில் 1960-களில் ஒட்டவைத்த கான்கிரீட் பகுதி, பூச்சே இல்லாமல். இன்றைக்கும் அதை அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூனியர் கிட்டே போய்த் தடவிக் காட்டினார்: சென்ட்ரிங் பலகையின் மரரேகை அப்படியே சுவரில் பதிந்திருந்தது. ஒரு கணு, பக்கத்தில் ஆணித்தலையின் தடம்.

உடைத்து, காரத்தைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தும் பார்த்தோம். காற்றின் கரியமில வாயு ஏறிக் காரத்தன்மை போன கான்கிரீட் நிறம் மாறாது. காரம் இருந்தால் ரோஸ் ஆகும். மேலே ஒரு விரற்கடை மட்டும் வெளுப்பு. உள்ளே, கம்பியைச் சுற்றிலும் நல்ல ரோஸ். கம்பியில் துருவே இல்லை.

அறிக்கையில் "முக்கியத்துவம் குறைவு" என்று எழுதினேன். பொய் இல்லை. பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-இன் வெனிஸ் சாசனம், 11-வது பிரிவில், எல்லாக் காலத்துச் சேர்க்கைகளையும் மதிக்கச் சொல்கிறது. கூடவே, நீக்குவது அற்பமாகவும் வெளிப்படுவது மிக மதிப்புள்ளதாகவும் இருந்தால் நீக்கலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. எங்களுக்கு வெளிப்பட்டது அருமையான வளைவு வரிசை. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அதே பிரிவின் கடைசி வரி, எதை இடிப்பது என்ற முடிவு வேலைக்குப் பொறுப்பானவர் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்கிறது. அதை ஜூனியருக்குப் பாடம் எடுத்ததே நான்தான்.

இன்று பிடிக்காத கட்டடம் நாளை போற்றப்படலாம் என்பதற்கு ஈஃபில் கோபுரத்தை உதாரணம் காட்டுவார்கள். 1889-இல் திறந்தபோது 20 வருட அனுமதிதான். அதற்கு முன்பே கலைஞர்கள் திரண்டு எதிர்த்தார்கள். சரி, ஆனால் அதைப் பிழைக்க வைத்ததில் ரசனையைவிடக் கம்பியில்லாத் தந்திக்குத்தான் பெரிய பங்கு. எங்கள் கான்கிரீட்டுக்கு அப்படி ஒரு பயனும் இல்லை. கூரை வேறு ஒழுகியது. ஒழுகும் கூரையைச் சரிசெய்யலாமே என்றால், செய்திருக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன்.

இடித்து முடித்த பிறகு வளைவுகளின் செங்கலை அளந்தோம். பிரதானச் சுவரின் செங்கல் அளவோடு ஒத்துவரவில்லை. இரண்டும் சேருமிடத்தில் ஒரு கல்கூடக் கோத்துக் கட்டப்படவில்லை. மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு. வளைவுகளும் பிற்பாடு ஒட்டியவைதான். ஜூனியர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.