ஆறு போதகர் இல்லங்களும் செந்தூல் வீடும்

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் என் மகன் உடனே பதில் சொல்வதில்லை. மலேசியத் தமிழர் இருவர் முதன்முறை சந்திக்கும்போது தவறாமல் எழும் கேள்வி அது. ஒரு தோட்டத்தின் பெயரையோ பட்டணத்தின் பெயரையோ சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவனோ சற்று யோசித்து, "எங்கப்பா போதகர்" என்பான். கேட்டவர் எங்கள் சபையைச் சேர்ந்தவராக இருந்தால் சிரித்துக்கொள்வார். இல்லாவிட்டால், ஊரைக் கேட்டதற்குத் தொழிலைச் சொல்கிறானே என்று விழிப்பார்.

1984 முதல் 2020 வரை மலேசிய மெத்தடிஸ்ட் திருச்சபையில், தமிழ்ச் சபைகளை நிர்வகிக்கும் அமைப்பான தமிழ் மாநாட்டில் போதகராக இருந்தேன். அந்த 36 ஆண்டுகளில் ஆறு சபைகள், ஆறு போதகர் இல்லங்கள். எங்கள் மரபில் சபை தன் போதகரைத் தேர்ந்தெடுப்பதில்லை. போதகரும் தன் சபையைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆண்டு மாநாட்டின் முடிவில் நியமனப் பட்டியல் வாசிக்கப்படும். நம் பெயருக்கு நேரே எந்த ஊர் இருக்கிறதோ அங்கே போகவேண்டியதுதான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கிமாரை ஓரிடத்தில் வேரூன்றவிடாமல் ஊர் ஊராக அனுப்பிவைத்த ஏற்பாடு, 1885இல் சிங்கப்பூரில் வந்திறங்கிய மிஷனரி வில்லியம் ஓல்டாமுடன் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்து, பின்னர் ரயில்வே குடியிருப்புகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் இருந்த தமிழரிடையே பணிசெய்தவர்களையும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தது. வெஸ்லியும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குதிரைமீது கழித்தவர்தான். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை என் மனைவி எனக்கு ஒருமுறைக்கு மேல் நினைவூட்டியிருக்கிறார்.

குருப்பட்டம் பெறுவோரிடம் வெஸ்லி காலத்துக் கேள்விகள் சில இன்றும் கேட்கப்படுகின்றன. பணிக்கு இடையூறாகும் அளவுக்கு நீ கடன்பட்டிருக்கிறாயா என்பது அவற்றில் ஒன்று. என் ஹோண்டா மோட்டார் சைக்கிளுக்கு அப்போது ஏழு மாதத் தவணை பாக்கியிருந்தது. அந்த மோட்டார் இல்லாவிட்டால்தான் பணிக்கு இடையூறு என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, "இல்லை" என்றேன்.

நான் கிள்ளானை அடுத்த காப்பார் பகுதியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்; நாங்கள் ஆறு பேர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு வீட்டில் வளர்ந்தோம். 1966இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் அத்தகைய வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்ததே தவிர, வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1979இல் தொடங்கப்பட்டிருந்த செமினாரி தியோலோஜி மலேசியா என்ற இறையியல் கல்லூரியில் (அது பின்னாளில்தான் சிரம்பானுக்குச் சென்றது) எனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொன்னபோது, அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீடு குடுப்பாங்களா?" என்று கேட்டார். கொடுப்பார்கள் என்றேன். "யாரு பேருல?" என்றார். அவர் ஊழியத்தின் மேன்மையை உணராமல் பேசுகிறார் என்று அன்று எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. நான் பணியில் சேர்ந்த அதே ஆண்டு, 55 வயதில், அவர் லயத்து வீட்டைக் காலி செய்து தம்பியுடன் வாடகை வீட்டுக்குப் போனார். அந்தத் தோட்டத்தில் இப்போது வரிசை வரிசையாக மாடிவீடுகள் நிற்கின்றன.

இடமாற்றத்தில் சாமான் கட்டுவது எளிய பகுதி. கடினமானது அதன்பின் வருவது: பழைய சபையின் காரியங்களில் முன்னாள் போதகர் தலையிடக்கூடாது. ஐந்து ஆண்டுகள் ஒருவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அவர் கணவரை அடக்கம் செய்தபின், அடுத்த ஜனவரியிலிருந்து அவருடைய ஆத்தும விசாரணை வேறொருவர் பொறுப்பு. அவர் தொலைபேசியில் அழைத்து ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கலாம். புதிய போதகரைப் பற்றிக் குறை சொன்னால் பேச்சை மாற்றவேண்டும். இந்த ஒழுங்கை நான் முழுமையாகக் கடைப்பிடித்தேன் என்று சொன்னால் பொய்யாகும்.

பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் நான் பணியாற்றியபோது, தோட்டத்தில் களையெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு மூதாட்டி சபையில் இருந்தார். "ஐயாதான் என்னை மண்ணுல வைக்கணும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். நான் மாற்றலாகி மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், அவர் இறந்துவிட்டதாக அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். நானே அடக்க ஆராதனையை நடத்தவேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினர். அப்போது அங்கிருந்த போதகர் குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாத இளைஞர். நான் கேட்டால் விட்டுக்கொடுத்திருப்பார்; அதற்காகவே கேட்காமல், பேருந்தேறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு எளிதாக இல்லை. அந்த இளம் போதகர் பதிவேட்டைப் பார்த்து அம்மூதாட்டியின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரால் யாரும் அவரை அழைத்து நான் கேட்டதே இல்லை. அவருக்குப் பிடித்த கீர்த்தனை எது என்று எனக்குத் தெரியும், பாடப்பட்டது வேறொன்று. நாக்கு நுனியில் நின்ற திருத்தங்களை விழுங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டம்வரை நடந்தேன். அங்கே, குழி ஓரத்தில் ஒதுங்கி நின்ற இறந்தவரின் தங்கையை, நெற்றியில் திருநீறோடு நின்ற அந்த முதியவளை, இளைஞர் கைபிடித்து அழைத்துவந்து முதல் பிடி மண்ணை அவர் கையால் போடச்செய்தார். நெடுநாளாக உடன்பிறந்தவளின் வீட்டு விசேஷங்களில் ஓரமாகவே நின்று பழகிய அவர், கையில் மண்ணோடு சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு போட்டார். நானாக இருந்திருந்தால் அவரை அழைத்திருப்பேனா என்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் யோசித்துவந்தேன். மூத்த மகனைத்தான் அழைத்திருப்பேன். போதகர்கள் மாறுவது சபைக்கு நல்லது என்று அதுவரை நான் மேடையில் சொல்லிவந்தது, அன்றுதான் எனக்கே உறைத்தது.

நன்மை சபைக்கு என்றால், விலை வீட்டாருக்கு. என் மகள் ஆரம்பப் பள்ளிக் காலத்தில் மட்டும் மூன்று பள்ளிகள் மாறினாள். மனைவி எந்தப் போதகர் இல்லத்துச் சுவரிலும் புதிதாக ஆணி அடித்ததில்லை; முன்பிருந்தவர்கள் அடித்த ஆணிகளுக்கு ஏற்பவே எங்கள் படங்கள் தொங்கின. அடையாள அட்டையில் முகவரியை ஒவ்வொரு முறையும் மாற்றிய நான், வாக்காளர் பதிவை மட்டும் மாற்றாமல் சோம்பலாக விட்டிருந்தேன். அதனால் 2018 மே 9 பொதுத்தேர்தலன்று வாக்களிக்கத் தெலுக் இந்தானுக்குத்தான் போகவேண்டியிருந்தது. வரிசையில் நின்ற பழைய சபையார், "ஐயா இன்னும் எங்க ஊருதான்" என்று சொல்லி மகிழ்ந்தார்கள். சோம்பல் என்று அவர்களிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஒவ்வொரு பிரிவு ஆராதனையிலும் நான் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டேன். எபேசு சபையின் மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, கப்பல்வரை வழியனுப்பும் பகுதி அது. என் கடைசிப் பிரிவு ஆராதனை 2020 டிசம்பரில், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கணினித் திரையில் நடந்தது. அதே அதிகாரத்தை வாசித்தேன். சின்னச் சின்னச் சதுரங்களுக்குள் இருந்து கையசைத்தார்கள். சிலருடைய ஒலிவாங்கி அணைந்திருந்ததால் உதடுகள் மட்டும் அசைந்தன.

சேமநிதியில் இருந்த பணத்தோடு, பாலர் பள்ளி ஆசிரியையாக மனைவி சேர்த்ததையும் போட்டுக் கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். மூன்றாவது மாடி, மின்தூக்கி இல்லை. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. கையெழுத்திட்டு வந்த அன்று, அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் காட்டியிருப்பேன்.

வந்த முதல் வாரமே மனைவி சுத்தியலும் ஆணியுமாகக் கூடத்தில் மூன்று படங்களை மாட்டினார். ஆனாலும் சென்ற ஆண்டு மாநாடு நெருங்கிய நாள்களில், கீழே உள்ள மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டிகள் நான்கைக் கேட்டு வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.