தேர்வுக்கு இருபது அலைவு, ஆசைக்கு இருநூறு

சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரியில் ஏ லெவல் தேர்வுக்கு எச்2 நிலை இயற்பியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ‘டென் இயர் சீரிஸை (பழைய தேர்வுத் தாள்களின் தொகுப்பு) எத்தனை தடவை போட்டால் ஏ வரும்?’ என்பதுதான். போடுங்கள். நானும் போட்டுத்தான் வந்தேன்; நேரத்துக்குள் எழுதி முடிக்க அந்தப் பழக்கம் வேண்டும். ஆனால் இயற்பியலையே தொழிலாக்கும் எண்ணம் இருந்தால், பாடத்தில் ஒரே ஒரு கேள்வியையாவது மதிப்பெண்ணைத் தாண்டித் துரத்திப் பாருங்கள்.

எனக்கு வாய்த்தது ஈர்ப்பு முடுக்கம், அதாவது கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்பது. தேர்வில் தரும் பட்டியலில் அது 9.81 மீட்டர்/நொடி². நம் சிங்கப்பூரிலோ சுமார் 9.78தான். பூமி சுழல்வதும், நடுக்கோட்டுப் பக்கம் சற்றே புடைத்திருப்பதும் காரணம். சரி, இதைப் பள்ளி ஊசலை வைத்துக் காட்ட முடியுமா? ஒரு மீட்டர் ஊசல் இருபது முறை போய்த் திரும்ப (இருபது அலைவு) ஏறக்குறைய 40 நொடி ஆகும். இரண்டு மதிப்புகளுக்கும் வரும் வித்தியாசம் 0.06 நொடி. கடிகாரத்தை அழுத்தும் நம் விரலே அதைவிடத் தாமதம்! ஆகவே பிராக்டிகலில் 9.81 வந்தாலும் 9.78 வந்தாலும் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இருநூறு அலைவு எண்ணினால் வித்தியாசம் 0.6 நொடியாகிறது, இப்போது பிடிபடும். அப்புறம் அடுத்த தலைவலி. நூலின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்க வேண்டும், குண்டின் நடுப்புள்ளி வரை. வீச்சு, அதாவது ஊசல் ஒரு பக்கம் சாயும் கோணம், ஐந்து பாகையைத் தாண்டக் கூடாது. வீட்டில் மின்விசிறியை அணைக்க வேண்டும் (அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). பிழைக் கணக்கு எனக்கு உண்மையில் புரிந்தது இப்படித்தான். தேர்வில் ‘பிழைக்கான காரணம் கூறுக’ என்று கேட்டால், மனப்பாட வரி எழுதாமல் எது எவ்வளவு பெரிய பிழை என்று எழுத வரும்.

இதே அளவீட்டை இன்று லேசரால் குளிர்வித்த அணுக்களை விழவிட்டு, நூறு கோடியில் சில பங்கு நுட்பத்தோடு செய்கிறார்கள். கேள்வி மாறவில்லை, கருவிதான் மாறியிருக்கிறது. நான் ஆய்வுக்கூடம் பக்கம் வந்ததும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயம்தான். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தார். பத்து ஆண்டுகள் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார், 1930இல் நோபல். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது என்று பெற்றோரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். இங்கே இயற்பியல் படித்தவர்கள் சிப் தொழிற்சாலையிலும் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வுப் படிப்புக்குப் போகிறவர்கள் பேராசிரியரின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அந்தக் குழுவின் மூன்றாம் ஆண்டு மாணவரைத் தனியே காபிக் கடைக்கு அழைத்து, கருவி பழுதானால் யார் சரிசெய்வார் என்று கேளுங்கள். ‘நாங்களே’ என்றால் தைரியமாகச் சேரலாம்.