60 நாள் பூட்டு

புளோரிடாவில் விபத்து அறிக்கை கேட்டு ஆவணக் கவுன்டருக்கு ஒருவர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேதியை. விபத்து நடந்த தேதியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அறிக்கை தாக்கலான தேதிதான் கணக்கு. மாநிலச் சட்டத்தின் 316.066-ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து 60 நாள் அது ரகசிய ஆவணம். விசாரணை முடிந்து 10 நாளுக்குள் போலீஸ்காரர் நீண்ட படிவத்தை, அதாவது முழு விபத்து அறிக்கையை, அனுப்ப வேண்டும். விசாரணை இழுத்தால் இந்த 60 நாள் ரகசியப் பூட்டு திறக்கும் நாளும் தள்ளிப்போகும். விபத்துத் தேதியிலிருந்து எண்ணி, நாள் வருமுன்னே பிரதியைக் கொடுத்துவிடுவதுதான் புதிதாக உட்காருபவர்கள் செய்கிற தவறு.

இத்தனை கெடுபிடி எதற்கு? அந்த ஊரில் தவறு யார் மேல் என்று பார்க்காமல், முதல் மருத்துவச் செலவை பி.ஐ.பி. என்னும் காப்பீடு தரும். ஆளுக்கு 10,000 டாலர் வரை. வண்டியில் நாலு பேர் என்றால் 40,000. ஆள் பிடிக்கும் புரோக்கருக்கு அறிக்கை என்பது பெயர், முகவரி, காப்பீட்டு நிறுவனம் எல்லாம் ஒரே தாளில் உள்ள பட்டியல். கிளினிக்குக்கும் வக்கீலுக்கும் அதை வைத்து ஆள் அனுப்பினார்கள். 2000-இல் மாநில கிராண்ட் ஜூரி (குற்றங்களை விசாரிக்கும் குடிமக்கள் குழு) இதைச் சுட்டிக்காட்ட, 2001-இல் பூட்டு வந்தது. பிறகு 2013 முதல் இன்னொரு விதி: 14 நாளுக்குள் முதல் சிகிச்சை எடுக்காவிட்டால் பி.ஐ.பி. கிடையாது. ஆக, 60 நாள் கழித்துப் பட்டியல் கையில் கிடைத்தாலும் அதை வைத்துப் புது நோயாளி பிடிக்க முடியாது. அந்தரங்கம் அந்தரங்கம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் பட்டியலை ஊசவைப்பதுதான் இந்தச் சட்டத்தின் வேலை.

பூட்டு இருக்கும்போதே பிரதி வாங்க உரிமை உள்ளவர்கள் உண்டு: விபத்தில் சிக்கியவர்கள், அவர்களுடைய வக்கீல், இன்ஷூரன்ஸ்காரர், அரசு வழக்கறிஞர், செய்தி ஊடகம். அடையாள அட்டை, தனக்கு என்ன தொடர்பு என்பதற்கான ஆதாரம், ஆள் பிடிக்கப் பயன்படுத்த மாட்டேன் என்ற சத்திய வாக்குமூலம், கட்டணம் 10 டாலர். பின் சீட்டில் இருந்தவரும் விபத்தில் சிக்கியவர்தான். ஓட்டுநர் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வக்கீல் ஆபீஸ் ஆள் வந்தால் கட்சிக்காரர் பெயரை அவர் வாயால் சொல்லவிட்டு, அது அறிக்கையில் இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும். திரையைத் திருப்பிக் காட்டினால் கதை முடிந்தது. "போன வெள்ளிக்கிழமை விபத்து எல்லாம் கொடுங்க" என்று கேட்பவருக்குக் கட்சிக்காரரே கிடையாது. தகுதியில்லை என்று தெரிந்தே கொடுத்தால் கவுன்டர் ஊழியருக்கும் ஐந்தாண்டு வரை சிறை.

ரொம்ப நாள் ஒழுகிய ஓட்டை பத்திரிகை விலக்குதான். அதனால்தான் விளம்பரத்துக்காகவே நடத்தும் தாளும், விபத்தில் சிக்கியவர்களின் பெயர்களை வெளியிடவே நடத்தும் தாளும் பத்திரிகை ஆகாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது! உண்மையான பத்திரிகைக்குப் போகும் பிரதியிலும் முகவரியும் போன் எண்ணும் இருக்கக் கூடாது. கறுப்பு மை அடித்தால் போதாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எழுத்து தெரிந்தால் அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துத்தான் தர வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, விபத்து நடந்த இடத்திலேயே ஓட்டுநர்கள் கையில் தகவல் பரிமாற்றத் தாள் ஒன்று போகிறது. பெயர், முகவரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் உண்டு. வண்டியை இழுத்துப் போக வந்தவர் அதை போனில் படம் எடுத்துக்கொண்டால், கவுன்டரில் அறிக்கை வந்து சேருமுன்னே புரோக்கரின் அழைப்பு போய்ச் சேர்ந்துவிடும்.