ஒஸ்ரின் கொயிலும் மாமியின் றேடியோவும்

ஓ.எல். சோதனைக்கு முந்தின வருசம், 1982. மார்க்கோனி 1901இல் கம்பியில்லாமல் அத்திலாந்திக்கைத் தாண்டி ‘எஸ்’ என்ற எழுத்தை மோர்ஸ் குறியில் மூன்று புள்ளிகளாக அனுப்பின கதையை வாசித்துவிட்டு, நானும் மச்சானும் கிடுகு வேலியையாவது தாண்டிப் பார்ப்பதென்று இறங்கினோம்.

கராச்சில் கழற்றிப் போட்டிருந்த ஒஸ்ரின் கார்க் கொயில் ஒன்று, பொறிக்காக வோல்ட்டைக் கூட்டும் கம்பிச்சுருள், கிடைத்தது. மின்மணியைப் பிரித்து, அதன் துடிக்கும் தகட்டைக் கொயிலுக்கும் கார்ப் பற்றறிக்கும் நடுவில் கோத்தோம். தகடு விலகி மின் அறுபடும் ஒவ்வொரு தரமும் கொயிலின் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும். இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கிடையில் பொறி பாயும். பாய்ந்தது. ஆனால் மயிரிழை மாதிரி, வேண்டாவெறுப்பாக. மணியின் தொடுமுனைதான் அதைவிட நன்றாக எரிந்து கருகியது.

“கொண்டென்சர் போட்டனியளோ தம்பி?” என்றார் கராச் அண்ணை. காரில் மின்னைத் தொட்டுத் தொட்டு அறுக்கும் பொயின்றுக்குக் குறுக்கே இருக்குமே, அந்தச் சின்ன உருளை, மின்தேக்கி. போட்டதும் தொடுமுனை அடங்கிவிட்டது. குமிழ்களுக்கிடையில் நீலவெள்ளையாகத் தடித்த பொறி, சடசடவென்று. காற்றில் ஒரு மில்லிமீற்றர் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். எங்களுடையது மூன்று மில்லிமீற்றர் தாண்டியது. ஒருதரம் கைபட்டு முழங்கை வரை உதறியதை அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஏரியலுக்கு 40 அடிக் கம்பி, பனையில். எர்த்துக்கு இரும்புக்கம்பி அடித்தால் ஒன்றரை அடியிலேயே சுண்ணாம்புக்கல் ‘ணங்’ என்றது. எங்கள் மண் அப்படி. கடைசியில் கிணற்றடி வாழைப்பாத்திதான் கைகொடுத்தது, எப்போதும் ஈரம்.

அனுப்புவது இவ்வளவுதான். பிடிப்பதில்தான் இரண்டு மாதம் போனது. கண்ணாடிக் குழாய்க்குள் அரத்தால் ராவின ஆணித்தூள், இருபக்கமும் செப்புக்கம்பி. பொறி பாய்ந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்னை விடவேண்டும், கம்பிச் சுருளுக்குள் வைத்த திசைகாட்டி முள் திரும்பவேண்டும். இறுக்கி அடைத்தால் பொறி இல்லாமலே முள் திரும்பி நிற்கும். தளர்த்தினால் எதற்கும் அசையாது. சரியாக வந்த நாளிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் பென்சிலால் தட்டித் தூளைக் குலைக்கவேண்டும். மூன்று நாளில் தூள் துருப்பிடித்துவிடும். மார்க்கோனி நிக்கல் தூளில் கொஞ்சம் வெள்ளி கலந்தார், எங்களிடம் ஆணிதான்.

ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், மச்சான் வீட்டு றேடியோ ஒரு புள்ளியையும் தவறவிடவில்லை. கம்பியின் நீளத்தைப் பார்த்தால் நாலு மடங்கு, ஏறக்குறைய 49 மீற்றரில்தான் எங்கள் அலை நிற்கவேண்டும். பொறிக்கு அந்த ஒழுக்கம் ஏது? சிற்றலை, மத்திய அலை, முள்ளை எங்கே திருப்பினாலும் ‘கர்ர், கர்ர், கர்ர்’. 1927 வாஷிங்டன் மாநாட்டிலேயே பொறியால் அலை அனுப்பும் இந்த வகையை ஒதுக்க முடிவெடுத்தது இதனால்தான் என்று பிறகு வாசித்தேன்.

இலங்கை வானொலி நாடகத்துக்குள் எங்கள் ‘எஸ்’ விழ விழ, மாமி றேடியோவைத் திருத்தக் கொடுத்தா. அது திரும்பி வந்த கிழமை எங்களுக்குத் தவணைச் சோதனை, கொயில் கட்டிலுக்கடியில்.

“கொண்டென்சர் பழுதாம். மாத்தினாப் பிறகு என்ன வடிவாப் பாடுது பார்” என்றா மாமி. மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை.