மொறிஸ் பிக்கப் வாங்குவதா, விடுவதா: தூக்குக்குண்டு காட்டிய கணக்கு

சாவகச்சேரிப் பக்கம் நிற்கிற மொறிஸ் மைனர் பிக்கப்பை இரண்டாம் தரமும் போய்ப் பார்த்தாயிற்று. செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், குத்திப் பார்த்த ஸ்குறூட்ரைவர் ஓர் இடத்திலும் உள்ளே இறங்கவில்லை. அந்தச் சந்தோசத்திலேயே காசு பேசியிருந்தால் பிழையாய்ப் போயிருக்கும். பின் அச்சைத் தாங்குகிற வில்லுகளின் பூட்டுகளுக்கு, மூலைக்கு மூலை அளக்கிற குறுக்களவில் 8 மில்லிமீற்றர் பிசகு.

முதல் கேள்வி, அது உண்மையான பிக்கப்தானா என்பது. காரின் பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி பூட்டினாலும் தூரத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். மைனர் காருக்குத் தனிச் செசி கிடையாது. 1953இல் வந்த வானுக்கும் பிக்கப்புக்கும்தான் உண்டு. கீழே கிடந்து பார்த்தால் இரண்டு சட்டமும் பெட்டியின் கடைசி வரை ஓடவேண்டும். மைனர் 1000 பிக்கப்பின் செசி இலக்கத் தகட்டில் எம்.ஏ.யூ.5 என்று தொடங்கும். யூ நிற்கிற இடத்தில் எஸ் நின்றால் அது கார். பதிவுப் புத்தகத்தில் உள்ள வாகன வகையும் செசி இலக்கமும் இதோடு ஒத்துப்போகாவிட்டால் விலை எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வாருங்கள். ‘ஸ்ரீ’ எழுத்துப் போட்ட பழைய பதிவு இலக்கம் பார்க்க வடிவுதான், அதற்காகக் கண்ணை மூடக்கூடாது.

பிறகு, இதுவரை என்ன ஏற்றினார்கள் என்று கேட்கவேண்டும். வெங்காயமும் புகையிலையும் ஏற்றினது பரவாயில்லை. மீன் ஏற்றினதென்றால் உப்புத்தண்ணி பெட்டியால் ஒழுகி, அச்சுக்கு மேலே செசி வளைகிற இடத்தில் தங்கும். தண்ணி போகிற ஓட்டைகள் சேற்றால் அடைபட்டால் சட்டம் உள்ளிருந்து கறள் பிடிக்கும். வெளியில் தாரும் பெயின்றும் பளபளவென்றிருக்கும். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்னும், உக்கினது ‘டொக்’ என்னும். ‘டொக்’ கேட்ட இடத்தில்தான் ஸ்குறூட்ரைவர். ஒட்டுத் தகட்டில் மூன்று பக்கம் மட்டும் வெல்டிங் ஓடியிருந்தால், பெட்டியைக் கழற்றாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி அளவு. நான்கு ரயருக்கும் ஒரே காற்று அடித்து, சீமெந்துத் தரையில் நேராக நிறுத்துங்கள். மேசனின் தூக்குக்குண்டை முன் குறுக்குச்சட்டத்தின் இரண்டு போல்ற், செசியின் இரண்டு பின் ஓட்டை, வில்லுகளின் இரண்டு முன் பூட்டு ஆகியவற்றிலிருந்து தொங்கவிட்டு, குண்டின் முனை நிற்கிற இடத்தில் சோக்கால் புள்ளி வையுங்கள். சோளகக் காற்று அடிக்கிற நாளில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும், விடியவே செய்துவிடவேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் மூன்று தரம் எடுத்து நடுவை வைத்துக்கொண்டால் நம்பலாம். பிறகு பிக்கப்பைத் தள்ளி வெளியே விட்டு, தரையில் குறுக்கும் மறுக்கும் அளங்கள். நூல் வேண்டாம், இழுபடும்; இரும்பு ரேப்தான் சரி.

இங்கே செசி ஓட்டைகளின் குறுக்களவு வித்தியாசம் 2 மில்லிமீற்றர். அது தள்ளுபடி. வில்லுப் பூட்டுக்குத்தான் 8. சில்லுக்குச் சில்லு அளந்தால் இடம் 2184, அதாவது கம்பனி சொன்ன 86 அங்குலம், வலம் 2175. ஆகவே செசி கோணவில்லை. வலப்பக்கப் பூட்டை யாரோ வெட்டி, 9 மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளி ஒட்டியிருக்கிறார்கள். பின் அச்சு சரிந்து நிற்கும். நேர் றோட்டிலும் ஸ்ரேறிங் ஒரு பக்கம் இழுக்கும். வெட்டித் திரும்ப ஒட்டினால் தீரும். செசி ஓட்டைகளே 8 காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை, விட்டிருக்கவேண்டும்.

எஞ்சின் 1098 சிசி. ஒயில் பார்க்கிற டிப்ஸ்ரிக்கை மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாசம் இல்லை, நல்லது. ஆனால் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு காஸ்கற் (இடைத்தகடு) தெரிகிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின வண்டிகளில் அடிப்பு வராமல் கொம்பிறசனை (சிலிண்டருக்குள் அமுக்கத்தை) குறைத்த வேலை இது. நான்கு சிலிண்டரின் கொம்பிறசன் அளவு 110, 105, 70, 110 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு கரண்டி ஒயில் விட்டும் 75தான் வந்தது. றிங் தேய்ந்திருந்தால் நன்றாக ஏறியிருக்கும், இது வால்வு. இரண்டும் மூன்றும் ஒரே புகைவழியைப் பங்கிடுகிற எஞ்சின், சூடு அங்கேதான் கூட. இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் காஸ்கற்றைச் சந்தேகிக்கலாம். ஹெட் வேலை பயப்படுகிற வேலையில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் வால்வும் கைடும் அகப்படும். மைனர் தகடு செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பின ஊர் தெற்கே காலி நகரம். மட்காட்டுக்கு அங்கே விசாரிக்கவேண்டும்.

முன் சில்லின் ட்ரன்னியனை, அதாவது சில்லு திரும்புகிற மரைப் பூட்டை, மறக்கவேண்டாம். சில்லைத் தூக்கி, ரயருக்குக் கீழே அலவாங்கு விட்டு நெம்புங்கள். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் மரை தேய்ந்துவிட்டது. ஒரு நாள் வளைவில் சில்லு மடங்கும். கிறீஸ் அடிக்காததுதான் காரணம். இதில் இடப்பக்கம் ஆடுகிறது, இரண்டு பக்கமும் மாற்றவேண்டும்.

பெட்டிக்கு மேலே வளையமும் பச்சைப் படங்கும் போட்டால் எவ்வளவு வடிவாயிருக்கும்! படங்கு தைக்கிறவரிடம் விலையும் கேட்டாயிற்று. அதற்கு முதல் செசியின் மேல்முகம் பார்க்கவேண்டும், கண்ணாடி விட்டும் எட்டாத இடம் அதுதான். பெட்டியைக் கழற்ற உரிமையாளர் ஐயா சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் போல்றுகளுக்கு டீசல் ஊறவிட்டு, ஞாயிறு விடிய ஸ்பானர் போடுவது. மேல்முகமும் ‘ணங்’ என்றால் பூட்டுக்கும் ஹெட்டுக்கும் ட்ரன்னியனுக்கும் வரும் செலவைக் கழித்துத்தான் விலை பேசுவது.