பழைய ஜீப்பின் சைலன்சர் பக்கம் எதைப் பூசுவது?

எதைப் பூசினாலும் அதிலுள்ள எண்ணெய், எஞ்சின் புகையைச் சைலன்சர் பைப்புக்குக் கொண்டுபோகும் மெனிபோல்டின் சூட்டில் எரிந்துதான் போகும். எரிந்த பிறகு அங்கே மிஞ்சுவது என்ன என்று பார்த்து வாங்குங்கள். பழைய வண்டியில் சைலன்சர் பக்கம் இறுகிப்போச்சு, எதைப் பூசலாம் அண்ணே என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மலையில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ரம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறும் வில்லிஸ் ஜீப்பின் மெனிபோல்ட் 500 பாகை செல்சியஸ் வரை போகலாம். மேலே நுவரெலியாவில் கொண்டுவந்து நிறுத்தினால் அதன் மேலேயே மூடுபனியும் தூறலும். துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

வில்லிஸில் முதலில் சிக்குவது மெனிபோல்டுக்குள் இருக்கும் சின்னத் தகட்டுக் கதவு. வெளியே ஒரு சுருள் ஸ்பிரிங்கும் ஒரு எடையும் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்தக் கதவு சூடான புகையை, பெற்றோலும் காற்றும் எஞ்சினுக்குள் போகும் இன்டேக் மெனிபோல்டின் அடியில் திருப்பிவிடும், பெற்றோல் நன்றாக ஆவியாகும். சூடேறியதும் ஸ்பிரிங் தளர்ந்து கதவு திரும்ப, புகை நேரே பைப்பில் போகும். கொழும்பில் பலர் இதைக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள், அந்த வெயிலுக்கு அது போதும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஜனவரி பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் ஊர். இங்கே கதவு வேலை செய்தால் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் மூடிய நிலையிலேயே இறுகிவிட்டால் ஏற்றத்தில் வண்டி திணறும், கார்புரேட்டர் சூடாகி நடுரோட்டில் நின்றாலும் நிற்கும்.

இந்தக் கதவு திரும்பும் தண்டுக்கு எஞ்சின் ஒயில் விடவே கூடாது. கொஞ்ச நாளில் அடிப்பிடித்த சட்டி மாதிரி கரியாகி, முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். 'ஹை டெம்ப்' என்று டின்னில் போட்டிருக்கும் சிவப்பு கிரீஸும் வேண்டாம், அது வீல் பேரிங்குக்கு. சாதாரண லிதியம் கிரீஸ் 190 பாகை அளவிலேயே உருகி ஒழுகிவிடும். டெஃப்லான் ஸ்பிரே 260 வரைதான் தாங்கும். மொலிப்டினம் கலந்தது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காற்றுப் படும் இடத்தில் 400 பாகையை நெருங்கும்போதே கெட்டுப்போகும். டபிள்யூ.டி.40 இறுக்கத்தை இளக்கத்தான், அங்கேயே தங்கி வேலை செய்வதற்கு அல்ல.

தண்டுக்குச் சரியானது மெல்லிய எண்ணெயில் கலந்த கிரபைட். மெனிபோல்ட் நன்றாக ஆறிய பிறகு, முதலில் தண்டின் இரண்டு முனையிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சின்னச் சுத்தியலால் இந்த முனையில் ஒரு தட்டு, அந்த முனையில் ஒரு தட்டு. எடையில் அடிக்க வேண்டாம். தண்டு மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகரத் தொடங்கியதும் ஓரத்தில் செம்மண் நிறத்தில் எண்ணெய் கசியும், அதைப் பார்த்தால் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அப்புறம் கையால் திருப்பித் திருப்பி கிரபைட்டை விடுங்கள். கிரபைட்டும் நிரந்தரம் இல்லை, 500 பாகையை ஒட்டி மெதுவாக எரியத் தொடங்கும். அதனால் எஞ்சின் ஒயில் மாற்றும்போதெல்லாம் இதற்கும் இரண்டு சொட்டு.

மெனிபோல்டை எஞ்சினோடு பிடித்து வைக்கும் ஸ்டட், நட் எல்லாம் வேறு கதை. அவை அசையத் தேவையில்லை, அடுத்த முறை கழன்றால் சரி. அதற்குச் செம்புத்தூள் பசை 1,000 பாகை அளவுக்கும், நிக்கல் பசை 1,300 அளவுக்கும் தாங்கும். மொரிஸ் மைனர் மாதிரி வார்ப்பிரும்பு மெனிபோல்டுக்குச் செம்பே தாராளம். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டிருந்தால் காசு கூடினாலும் நிக்கல் வாங்குங்கள், எஃகோடு எஃகு ஒட்டிக்கொள்ளும் வியாதி நிக்கல் பூசினால் குறைவு. மரையில் மெல்லியதாகப் பூசினால் போதும். பூசிய நட்டைக் காய்ந்த நட்டுக்குச் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கினால் ஸ்டட் நீண்டு அறுந்துவிடும், கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் பித்தளை நட் போடுங்கள், அது ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது.

ஏற்கனவே செத்துப்போன நட்டுக்கு ஹட்டன் பக்கம் கராஜ் வைத்திருக்கும் மாமா ஒருவர் செய்வது மெழுகுவர்த்தி வேலை. டோர்ச்சால் நட்டைச் சூடாக்கி மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொடுவார், மெழுகு உருகி உள்ளே உறிஞ்சிக்கொண்டு போகும். நான் இன்னும் கொஞ்சம் சூடாக்கப் பார்த்தபோது, "சிவக்க வேணாம் மகன், மெழுகு புகைஞ்சா போதும்" என்றார். இதைச் செய்யும் முன் கார்புரேட்டரையும் பெற்றோல் லைனையும் கழற்றித் தூர வையுங்கள், முந்தின இரவு விட்ட எண்ணெயையும் துடைத்துவிடுங்கள், அதுவும் பற்றிக்கொள்ளும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் செம்புப் பசை வந்துவிடும், சின்ன டின் ஒன்று பல வருடத்துக்குக் காணும். நிக்கல் பூசும்போது மட்டும் கையுறை போடுங்கள், அதன் தூள் உடம்புக்கு ஆகாது.